ஆப்பிள் பை: அடிமாவு நமுத்துப் போகாமல் வந்தது

முதல் துண்டு தட்டிலிருந்து உடையாமல் எழுந்து வந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே பழுப்பு, நகத்தால் தட்டினால் சத்தம் கேட்கிறது. மேலும் கீழும் மாவு வைத்து நடுவில் ஆப்பிள் நிரப்பிச் சுடும் அமெரிக்கப் பாணி பையில் மேல்மாவு எல்லோருக்கும் அழகாக வந்துவிடும். அடிமாவுதான் பரீட்சை. பெரும்பாலான செய்முறைகள் "பொன்னிறமாகும் வரை சுடவும்" என்று முடித்துக்கொள்கின்றன. பொன்னிறம் தெரிவது மேலே. கீழே சாறு ஊறி, வேகாத மைதாப் பசையாக ஒரு அடுக்கு அப்படியே கிடக்கும். அந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர் நல்ல வெண்ணெயை வீணாக்குகிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பை மாவைத் தேய்க்கத் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது. அளவுகளைச் சொல்லிவிட்டு ஈர விஷயத்துக்கு வருகிறேன்.

தட்டு 23 செ.மீ. விட்டம், 4 செ.மீ. ஆழம். மாவுக்கு மைதா 320 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 12 கிராம், உப்பு 6 கிராம். ஐஸ் தண்ணீர் 90 மி.லி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 110 வரை. பூரணத்துக்குத் தோலும் விதையும் நீக்கிய ஆப்பிள் 1.3 கிலோ, வெள்ளைச் சர்க்கரை 100 கிராம், பிரவுன் சுகர் 50 கிராம், உப்பு 3 கிராம், எலுமிச்சைச் சாறு 15 மி.லி., பட்டைத் தூள் 3 கிராம், ஜாதிக்காய்த் துருவல் ஒரு சிட்டிகை, கார்ன்ஸ்டார்ச் 20 கிராம், வெண்ணெய் 30 கிராம். ஏலக்காய் போட ஆசைப்படுகிறவர்கள் கால் டீஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளவும், அதற்கு மேல் போனால் ஆப்பிள் வாசனையே தெரியாது. கப் கணக்கு வேண்டாம். மைதாவை அழுத்தி அள்ளுவதற்கும் தூவி நிரப்புவதற்கும் ஒரு கப்புக்கு 30 கிராம் வரை வித்தியாசம் வரும். பை மாவு அதைத் தாங்காது.

வெண்ணெயை 1.5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, பாதியை மைதாவோடு நன்றாகப் பிசிற வேண்டும். இந்தப் பாதி மைதாவைச் சுற்றிப் படிந்து, தண்ணீர் உள்ளே போவதைக் குறைக்கும், அதனால் மாவை ரப்பர் போல இழுபடச் செய்யும் க்ளூட்டன் அதிகம் உருவாகாமல் மாவு மெத்தென்று வரும். மீதிப் பாதியை விரலால் தட்டையாக நசுக்கி, கண்ணுக்குத் தெரியும் தகடுகளாக விட்டுவிட வேண்டும். ஓவனில் அந்தத் தகடுகளில் இருக்கும் நீர் ஆவியாகித் தூக்குவதால்தான் அடுக்கு பிரிகிறது. தண்ணீர் அளவுக்குப் புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: கையில் பிடித்தால் நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். இரண்டு வட்டாகப் பிரித்து, அடிக்குக் கொஞ்சம் அதிகம் வைத்து, இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். இந்த ஓய்வைச் சுருக்கினால் சுடும்போது மாவு ஓரத்திலிருந்து சுருங்கி உள்ளே இறங்கிவிடும். தண்ணீரில் பாதிக்கு வோட்கா ஊற்றும் வித்தை வேலை செய்யும், ஆல்கஹாலில் க்ளூட்டன் உருவாகாது. ஆனால் பதம் கைக்கு வந்தவர்களுக்கு அது தேவையில்லை. ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்ப்பதால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

சென்னை, மதுரை வெயிலில் செய்பவர்கள் மைதாவையும் பாத்திரத்தையும்கூட அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுக்கவும். 20 டிகிரி தாண்டினால் வெண்ணெய் இளகத் தொடங்கிவிடும், கைச்சூடு அதைவிட அதிகம். அங்கே ஃபுட் ப்ராசஸரில் விட்டு விட்டு ஓட்டுவது கையைவிட நல்லது.

இனி ஈரம். ஆப்பிளில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். சதையின் கனஅளவில் கால் பங்கு வரை காற்றும் இருக்கிறது. சூடு ஏறியதும் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரையும், செல்கள் உடைந்து சாறு வெளியே ஓடும், காற்று வெளியேறிப் பழம் அமுங்கும். வேகவைக்காத ஆப்பிளைக் குவித்து மூடிச் சுட்டால் இரண்டு கெடுதல் சேர்ந்து வரும். அடிமாவு இறுகுவதற்கு முன்பே சாறு அதில் ஊறிவிடும். மேல்மாவு உயரத்திலேயே இறுகி நிற்க, ஆப்பிள் கீழே இறங்கி நடுவில் வெற்றிடம் விழும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: நடக்க வேண்டிய சுருக்கம் முழுக்க ஓவனுக்குள் நடக்கிறது. அதை அடுப்பிலேயே முடித்துவிட வேண்டும்.

ஆப்பிளை 7 மி.மீ. தடிமனில் நறுக்கி, சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு, பட்டை, ஜாதிக்காய் கலந்து ஒரு மணி நேரம் வைத்தால் சாறு விடும். பிறகு சாறோடு அகலமான பாத்திரத்தில் போட்டு மூடி, சிறு தீயில் 65 முதல் 70 டிகிரிக்குள் கொண்டுவந்து பத்து நிமிடம் அதே சூட்டில் வைத்திருக்க வேண்டும். குச்சித் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். 60 முதல் 70 டிகிரி வரையில் ஆப்பிளில் இருக்கும் ஒரு என்சைம், பெக்டின் மெத்தில்எஸ்டரேஸ், சுறுசுறுப்பாக வேலை செய்து பெக்டினை மாற்றுகிறது. மாறிய பெக்டின் பழத்திலேயே உள்ள கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும். அதன்பின் ஓவனில் 90 டிகிரி ஏறினாலும் துண்டுகள் குழையாது. சூடு 80ஐத் தாண்டிவிட்டால் அந்த என்சைம் செயலிழந்துவிடும், பிறகு தீயைக் குறைத்தும் பயனில்லை. அதனால் அடிக்கடி மெதுவாகப் புரட்ட வேண்டும். பாத்திரத்தின் அடியில் 85, மேலே 50 என்று இருந்தால் பாதிப் பழம் கூழாகும், மீதி பச்சையாகவே நிற்கும். ஒரு துண்டை எடுத்து வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், அழுத்தினால் இன்னும் உறுதி தெரிய வேண்டும். அதுதான் இறக்கும் பதம்.

உடனே வடிதட்டில் கொட்டி, சாறு முழுக்கக் கீழே இறங்கவிட்டு, துண்டுகளை அகலத் தட்டில் பரப்பி ஆறவிடவும். கிடைக்கும் சாறு 150 முதல் 200 மி.லி. அதை 30 கிராம் வெண்ணெயோடு கொதிக்கவைத்து 90 மி.லி. அளவுக்குச் சுண்டவைக்க வேண்டும். கம்பிப் பதம் வரை போக வேண்டாம், கரண்டியில் ஒட்டி மெதுவாக வழிந்தால் போதும். ஆப்பிளின் மணமும் புளிப்பும் இந்தச் சாற்றில்தான் இருக்கின்றன. வடித்துக் கொட்டிவிடச் சொல்லும் செய்முறைகளை ஏற்கவே முடியாது.

கார்ன்ஸ்டார்ச்சை ஆறிய ஆப்பிள் மேல் தூவிப் புரட்டிவிட்டு, அதன்பின் ஆறிய பாகை ஊற்ற வேண்டும். சூடான பாகில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். இந்தக் கலவை முழுக்க ஆறாமல் மாவுக்குள் போகவே கூடாது. பூரணத்தில் இளஞ்சூடு இருந்தாலும் அடிமாவின் வெண்ணெய் உருகி, பிசிறிய உழைப்பெல்லாம் எண்ணெய் ஊறிய தகடாக முடியும். கார்ன்ஸ்டார்ச்சுக்குப் பதில் டாப்பியோக்கா (மரவள்ளிக்கிழங்கு) ஸ்டார்ச் போட்டால் சாறு கண்ணாடி போலத் தெளிவாக நிற்கும். மைதா போட்டால் கலங்கும், சுவையும் மட்டாகும்.

பழத்தைப் பற்றி. எளிதில் கிடைப்பதில் கிரானி ஸ்மித் முதல் இடம்: உறுதி, புளிப்பு, வருடம் முழுக்கக் கிடைக்கும். அதையே முழுக்கப் போடாமல் மூன்றில் ஒரு பங்கு ஹனிகிரிஸ்ப் அல்லது கோல்டன் டெலிஷியஸ் கலந்தால் மணம் கூடும். நியூயார்க், மிச்சிகன் பக்கம் இருப்பவர்கள் அக்டோபர் கடைசியில் பழத்தோட்டக் கடைகளில் நார்தர்ன் ஸ்பை கிடைக்கிறதா என்று விசாரிக்கவும். பைக்கு அதைவிட நல்ல பழம் எனக்குத் தெரியாது. மரம் காய்க்கப் பல வருடம் எடுத்துக்கொள்ளும் ரகம் என்பதால் பெரிய கடைகளில் அரிது. மெக்கின்டாஷ் ஓவனில் கூழாகிவிடும், சாஸுக்கு நல்லது. புளிப்பு இருந்தால் உறுதியும் இருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். இங்கிலாந்தின் பிராம்லி கடும் புளிப்பு, ஆனால் வெந்தால் பஞ்சாகக் குழையும். அங்குள்ளவர்கள் அந்தக் குழைவையே விரும்பிச் செய்கிறார்கள், அது வேறு பை. இந்தியாவில் எளிதில் கிடைக்கும் ராயல் டெலிஷியஸில் புளிப்பு குறைவு, சுட்டால் மாவு மாவாக இருக்கும். பெரிய பழக்கடைகளில் இறக்குமதிப் பச்சை ஆப்பிள் என்று விற்பது பெரும்பாலும் கிரானி ஸ்மித்தான், விலை அதிகம் என்றாலும் அதையே வாங்கவும். அதையும் ராயல் டெலிஷியஸையும் பாதிக்குப் பாதி கலப்பதாக இருந்தால் எலுமிச்சைச் சாற்றை இரட்டிப்பாக்கிச் சர்க்கரையில் 30 கிராம் குறைக்கவும்.

வெண்ணெயில் அமெரிக்கச் சாதா ரகம் 80 சதவீதக் கொழுப்பு, கெர்ரிகோல்ட் போன்ற ஐரோப்பிய வகை 82. இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் 82இல் தண்ணீர் குறைவு, தேய்க்கும்போது விரியாமல் வளையும். அமெரிக்காவில் விற்கும் கிங் ஆர்தர் பிராண்டின் சாதா மைதாவில் புரதம் 11.7 சதவீதம், பைக்குச் சற்று அதிகம்தான். ஓய்வு நேரத்தைக் குறைக்காவிட்டால் தொல்லை தராது.

அடிச்சூடுதான் மறுபாதி வேலை. தட்டு அலுமினியமாக இருக்க வேண்டும், பளபளப்பு இல்லாத மங்கலான ரகம் இன்னும் நல்லது. பூப்போட்ட பீங்கான் தட்டு மேசையில் அழகாக இருக்கும், ஆனால் சூடேறவே நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் அடி ஊறிவிடும். கண்ணாடித் தட்டில் அடியின் நிறத்தைப் பார்க்க முடிவது வசதிதான். ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடியைக் கொதிக்கும் இரும்பின் மேல் வைத்தால் வெடித்துச் சிதறலாம். நான் சொல்லும் முறைக்கு அது கூடவே கூடாது.

ஓவனின் கீழ்த்தட்டில் 6 மி.மீ. எஃகுப் பலகையை, இல்லாவிட்டால் கனமான இரும்புத் தோசைக்கல்லை வைத்து, 220 டிகிரியில் முக்கால் மணி நேரம் காயவிடவும். இதற்குள் மாவை 3 மி.மீ. கனத்தில் தேய்த்து, தட்டில் இழுக்காமல் தளர்வாக இறக்கி, பூரணத்தை இடைவெளி இல்லாமல் அழுத்தி அடுக்கி, மேல்மாவு போட்டு ஓரத்தை மடித்து அழுத்தி, மொத்தமாக 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஒரு மஞ்சள் கருவை ஒரு ஸ்பூன் க்ரீமில் அடித்துத் தடவி, பெரிய பருக்கைச் சர்க்கரை தூவி, நடுவில் 5 செ.மீ. நீளத்துக்கு ஐந்து கீறல். கீறல் சிறிதாக இருந்தால் ஆவி ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும், கூடவே சாறும் ஒழுகும். பேக்கிங் காகிதம் விரித்த மெல்லிய தட்டை அடியில் வைக்கலாம், ஆனால் அதுவும் பலகையோடு சேர்ந்தே காய்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த தட்டு நடுவில் வந்தால் அடிச்சூடு தடைபடும்.

அடுத்ததாக மாவில் செடார் சீஸ் சேர்த்துப் பார்க்கப் போகிறேன். ஆப்பிள் பையோடு செடார், அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் பழக்கம். அங்குள்ள வெர்மான்ட் மாநிலம் 1999இல் ஆப்பிள் பையை மாநிலப் பையாக அறிவித்தபோது, குளிர்ந்த பால், குறைந்தது அரை அவுன்ஸ் செடார், பெரிய கரண்டி வெனிலா ஐஸ்க்ரீம் ஆகியவற்றில் ஒன்றோடு பரிமாற முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. அரை அவுன்ஸ் என்றால் 14 கிராம். கணக்கு இப்போதைக்கு இப்படி: கூர்மையான செடார் 100 கிராம் துருவி மைதாவில் புரட்டி, வெண்ணெயை 190 கிராமாகக் குறைத்து, உப்பைப் பாதியாக்குவது. சீஸ் சீக்கிரம் கருகும் என்பதால் ஆரம்பச் சூடு 210க்கு மேல் போகக் கூடாது. குறைந்த அந்த 10 டிகிரியை அடிமாவு எப்படி ஏற்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

சுடும் நேரத்துக்கு வருவோம். 220இல் 25 நிமிடம், பிறகு 190க்குக் குறைத்து 40 முதல் 50 நிமிடம். ஓரம் முந்திச் சிவந்தால் அலுமினியத் தாளை வளையமாக வெட்டி மூடவும். ஓடிஜி என்ற சிறிய மேசை ஓவன் வைத்திருப்பவர்கள் முதல் 20 நிமிடம் கீழ்க்கம்பியை மட்டும் ஓடவிடலாம். நிறத்தை வைத்து இறக்கக் கூடாது. நடுக்கீறல் வழியாகக் குமிழி தெரிய வேண்டும், அதுவும் தண்ணீர்க் கொதி போல வேகமாக இல்லாமல், கனத்து மெதுவாக வெடிக்க வேண்டும். அப்போதுதான் ஸ்டார்ச் வெந்திருக்கிறது. தெர்மாமீட்டரில் நடுப்பகுதி 90 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். மேலே நல்ல நிறம், உள்ளே 80 என்றால் தாளால் முழுக்க மூடி இன்னும் பத்து நிமிடம்.

கம்பி வலை மேல் நான்கு மணி நேரம் ஆற வேண்டும். ஸ்டார்ச் இறுகுவது ஆறும்போதுதான், சுடச்சுட வெட்டினால் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் சாறு தட்டில் ஓடும். சமதளத்தில் வைத்து ஆறவிட்டால் ஆவி அடியில் அடைபட்டு மறுபடியும் நமுத்துவிடும், அதனால் வலை கட்டாயம். மறுநாளைக்கு மிஞ்சினால் மைக்ரோவேவ் பக்கமே போகாமல், 175 டிகிரியில் 15 நிமிடம், அதே காய்ந்த பலகை மேல்.