பன்னிரண்டு கட்டங்கள்

6 ஜனவரி 2026, செவ்வாய்

பினாங்கு ரெலாவில் 11 ஆண்டுகளாக நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த அடுக்குமாடி வீட்டை விற்கப் போகிறாராம் வீட்டுக்காரர். விலை 220,000 மலேசிய வெள்ளி. "வெளியில் சொல்வதற்கு முன்னால் உங்களைக் கேட்டுவிடலாம் என்று வந்தேன். சீனப் புத்தாண்டு முடியும்வரை பொறுத்திருக்கிறேன்" என்றார். நல்ல மனிதர். அவர் படியிறங்கிய பிறகும் அம்மா ஒன்றும் பேசவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயது 38. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவள். எனக்கு யார் வீட்டுக் கடன் கொடுப்பார்கள்?

12 ஜனவரி, திங்கள்

முதல் வங்கி. அதிகாரி என் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையில் விரலை வைத்து நிறுத்தினார். ஆகஸ்ட் மாதத்திலிருந்துதான் சந்தா விழுந்திருக்கிறது. "அதுவரை என்ன செய்தீர்கள்?" என்று மலாயில் கேட்டார். வேலை தேடினேன் என்றேன். தகுதிகாண் காலம் முடியட்டும் என்று தாள்களைத் திருப்பித் தந்துவிட்டார். அவருக்கு அது விதிமுறை. எனக்கோ, ஆட்குறைப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு நின்ற அந்த நவம்பர் மாலை அப்படியே திரும்பி வந்தது.

15 ஜனவரி, வியாழன்

வேலையிடத்து அக்கா ஒருவர் சொன்னபடி, மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் விவர அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். எனக்கு இருப்பது கார்க் கடன் ஒன்றுதான், மாதம் 430 வெள்ளி. அதற்கு நேராகப் பன்னிரண்டு கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று. எத்தனை தவணை பாக்கி என்பதை எண்ணாகப் போட்டிருக்கிறார்கள். ஜனவரி 0, பிப்ரவரி 0, மார்ச் 0. ஜூனில் மட்டும் 1.

அந்த வரிசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பூஜ்யமும் எந்தப் பணத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும். பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதித் திட்டத்தில் ஆறு மாதம் உதவித்தொகை கிடைத்தது. முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. என் பழைய சம்பளம் 3,600. ஆகவே மே மாதம் கைக்கு வந்தது 1,080 வெள்ளி. வாடகை 750, கார் 430. அந்த இரண்டுக்கே நூறு வெள்ளி குறைந்தது. அரிசியும் மீனும் தம்பி வாங்கிப் போட்டான்.

ஜூனில் அந்தத் தொகையும் நின்றது, தவணை தவறியது. ஜூலையில் அம்மா தன் வளையலைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொண்டுபோனார். மாதம் 2 விழுக்காடு வட்டி. இரண்டு தவணையையும் சேர்த்துக் கட்டினேன். ஜூலைக் கட்டத்தில் இருக்கும் பூஜ்யம் அம்மாவின் வளையல்.

30 ஜனவரி, வெள்ளி

வேலை உறுதிக் கடிதம் கைக்கு வந்துவிட்டது! நாளை தைப்பூச வெள்ளி ரதம் புறப்படுகிறது. ஞாயிறன்று அம்மாவுடன் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவேண்டும்.

4 பிப்ரவரி, புதன்

வேறொரு வங்கி. இம்முறை நான் எதையும் மறைக்கவில்லை. ஆட்குறைப்புக் கடிதம், பெர்கேசோ கடிதம், ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், உறுதிக் கடிதம், ஜூன் மாதப் பாக்கி ஏன் வந்தது, எப்போது கட்டினேன் என்று ஒரு பக்க விளக்கம். அதிகாரி அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தார். பிறகு கணக்குப் போட்டார். 90 விழுக்காடு கடன் என்றால் 198,000. எழுபது வயதுக்குள் முடிக்கவேண்டும் என்பதால் 32 ஆண்டுகள். வட்டி 4 விழுக்காட்டையொட்டி வரும், மாதத் தவணை சுமார் 915. கார்க் கடனையும் சேர்த்தால் கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கடனுக்குப் போகும். "இது தாங்கும்" என்றார். வேலையில்லாமல் இருந்ததைவிட, அந்தச் சமயத்தில் கடனை எப்படிக் கையாண்டேன் என்பதைத்தான் பார்ப்பார்களாம்.

இதைப் படிக்கும் யாராவது இப்போது வேலையில்லாமல் இருந்தால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசிவிடுங்கள். கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயின் ஆலோசனை இலவசம். ஜூனில் வெட்கப்பட்டுக்கொண்டு நான் யாரிடமும் போகவில்லை, அந்த 1 அப்படி வந்ததுதான்.

20 பிப்ரவரி, வெள்ளி

ஒப்புதல் கிடைத்துவிட்டது. 198,000. தொலைபேசியில் கேட்டுவிட்டு, வேலையிடத்துக் கழிப்பறையில் நின்று அழுதேன்.

28 பிப்ரவரி, சனி

முன்பணமாக 2 விழுக்காடு, 4,400 வெள்ளி வீட்டுக்காரருக்குக் கொடுத்தாயிற்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது இன்னும் 17,600 கட்டவேண்டும். அதில் பாதி என் சேமிப்பில் இருக்கிறது, மீதியைத் தம்பி தருகிறான். இபிஎஃப் பணம் வந்ததும் அவனுக்குத் திருப்பித் தரவேண்டும். வளையலை முதலில் மீட்டுவிடலாம் என்றேன். டிசம்பரில் வட்டி கட்டிப் புதுப்பித்த அடகுச் சீட்டை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, தேதியைப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வைத்தார். "ஜூன்வரை நாள் இருக்கிறது. திங்கட்கிழமை வக்கீலிடம் போகும் வேலையைப் பார்" என்றார்.