உச்சியைத் தொடாமல் நான்கு நாட்கள்

போன மார்ச்சில் நியூசிலாந்தில் நான்கு நாட்கள் எரிமலைகளைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன். ஓக்லாந்தில் இருக்கும் தம்பி இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "சிவனொளிபாதமலை ஏறின கால்தானே அக்கா, வாங்கோ" என்பான். டொங்கரீரோ வடக்குச் சுற்று என்பது பாதையின் பெயர். நாற்பது கிலோமீட்டருக்கு மேல், இரவு தங்க மூன்று குடில்கள்.

கொழும்பில் இருந்துகொண்டு மலைக்கு உடம்பைப் பழக்குவது லேசில்லை. பத்துக் கிலோ அரிசியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் ஆறு மாடியையும் தினமும் காலையில் ஏறி இறங்கினேன், பின்னேரத்தில் மரைன் டிரைவ் வழியே நடை. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு முழுவதும் சப்பாத்தோடு போனது. பிற நாட்டு மண்ணும் விதையும் உள்ளே வரக்கூடாது என்று விமான நிலையத்தில் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பார்கள், அதனால் பழைய டூத் பிரஷால் பள்ளம் பள்ளமாகத் தோண்டிக் கழுவினேன்.

குடில் என்றதும் விடுதி மாதிரி நினைத்துவிடாதீர்கள். வரிசையாக மெத்தை போட்ட பலகைக் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர், வெளியே கழிப்பறை, அவ்வளவுதான். சட்டி, சாப்பாடு, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் நம் முதுகில்தான் வர வேண்டும். இடத்தை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். முதல் நாள் வக்காப்பாபா என்ற மலையடிவாரக் கிராமத்தில் இருந்து மங்காட்டெபோபோ குடில் வரை மழை அரித்த பள்ளங்களில் ஏறி இறங்குவதுதான் வேலை, சொல்ல அதிகமில்லை. அன்று பின்னேரம் அங்கே பொறுப்பாக இருந்த பெண் எல்லோரையும் உட்கார வைத்துக் கதைத்ததுதான் எனக்கு இந்தப் பயணத்தின் தொடக்கம். 2012 ஓகஸ்டில் ஓர் இரவு, டொங்கரீரோ மலையின் வடக்குப் பக்கம் தே மாரி என்ற எரிமலைவாய் வெடித்தபோது, கெட்டெடாஹி குடிலின் கூரையைப் பொத்துக்கொண்டு பாறை கட்டில்கள் மேல் விழுந்ததாம். அதற்குப் பிறகு அங்கே யாரும் இரவு தங்குவதில்லை. நாளைக்கு வானிலையோடு எரிமலை எச்சரிக்கையையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டுக்கொண்டாள்: உச்சிகளில் ஏறாதீர்கள், ஏரித் தண்ணீரைத் தொடாதீர்கள். இங்குள்ள மாவோரி இனத்தவரான ங்காட்டி தூவாரெட்டோவா மக்களுக்கு இந்தச் சிகரங்கள் முன்னோர்கள்.

எனக்கு அது உள்ளே போய்த் தைத்தது. நாங்கள் மலையை மதிப்பது என்றால் ஏறித்தான் மதிப்போம். சிவனொளிபாதமலையில் எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தரம் மணி அடிப்போம், நான் கடைசியாக அடித்தது நான்கு. இங்கே மதிப்பது என்றால் கீழே நிற்பது. 1887இல் அவர்களுடைய தலைவர் ஹோரோனுகு தே ஹெயுஹெயு சிகரங்களை அரச பாதுகாப்பில் ஒப்படைத்ததில் இருந்துதான் நாட்டின் முதல் தேசிய பூங்கா உருவானது. 1990இல் இயற்கைக்காக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது, 1993இல் அந்த மக்களுக்கும் மலைக்கும் உள்ள உறவுக்காகவும் சேர்ந்தது.

இரண்டாம் நாள் காலையில் ங்கவுருஹோயி மேகத்தை விட்டு வெளியே வந்தது. யாரோ சாம்பலைக் குவித்து வைத்த மாதிரி ஒரு கூம்பு. வயது வெறும் 2,500 வருடம் அளவில்தான், கடைசியாக வெடித்தது 1975இல். எங்கள் ஊர்ப் பாறைகள் பெரும்பாலும் ஐம்பது கோடி வருடத்துக்கும் மேல் பழையவை, எரிமலை என்ற பேச்சே இல்லாத தீவு. இந்த மலையோ சங்கப் பாட்டுகளை விடக் கொஞ்சம்தான் மூத்தது! தம்பியிடம் சொன்னேன், அவன் மூச்சு வாங்கிக்கொண்டே தலையாட்டினான்.

செம்பள்ளம் என்ற எரிமலைவாயின் விளிம்புதான் பாதையின் ஆக உயரமான இடம். காற்று ஆளைத் தள்ளியது. குனிந்து சரளையில் கை வைத்தால் சூடு, அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தொடும் கல் மாதிரி. கந்தக வாடை தொண்டையில் இறங்கியது. அங்கிருந்து சறுக்கும் சாம்பல் சரிவில் குதிகாலை அழுத்தி அழுத்தி இறங்கினால் கீழே மூன்று ஏரிகள், மயில் கழுத்துப் பச்சை. தாதுக்கள் கரைந்து வந்து கொடுத்த நிறம். கரையில் நின்றேன், கையை நீட்டவில்லை. ஒரே நாளில் கடந்து போகும் கூட்டம் வடக்கே திரும்பிவிட்டது, நாங்கள் கிழக்கே ஓட்டுரேரே பள்ளத்தாக்கில் இறங்கினோம், பத்து நிமிடத்தில் எங்கள் சப்பாத்துச் சத்தம் மட்டும்தான் மிச்சம். உறைந்த லாவா ஆள் உயரத்துக்கு நிற்கிறது, கோபுரம் கோபுரமாக. இரவு குடிலில் பருப்பும் சோறும் வைத்தோம், அம்மா வறுத்துத் தந்த மிளகாய்த் தூள் வாசத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து கேட்டார். ஒரு கரண்டி கொடுத்தோம்.

மூன்றாம் நாள் குறைந்த தூரம், சரளை வெளி முடிந்து பீச் மரக்காடு. நான்காம் நாள் காலை புதிய வைஹொஹோனு குடிலில் இருந்து வெளிக்கிட்ட கொஞ்ச நேரத்தில் பழைய குடில் வரும், 1904இல் கட்டியது, இப்போது பார்க்க மட்டும். சிவப்புப் பூசிய தகரச் சுவர், இரண்டு அடுக்கு. நடுவில் குளிருக்காக நுரைக்கல்லை நிரப்பியிருக்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் கல் அது, மலை துப்பியது. அதையே அள்ளிச் சுவருக்குள் போட்டு அதே மலையின் குளிரில் இருந்து தப்பியிருக்கிறார்கள். உள்ளே போய் உள்ளங்கையை அந்தச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றேன். தம்பி இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

அப்புறம் ருவாபெஹுவுக்கும் ங்கவுருஹோயிக்கும் நடுவே நீண்ட நடை. ருவாபெஹு 2,797 மீட்டர், தலையில் கொஞ்சம் பனி. தாமா ஏரிகளுக்குப் பிரியும் இடத்தில் பையை இறக்கிவிட்டு இரண்டு மலையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

வக்காப்பாபாவில் சிக்னல் வந்ததும் அம்மாவுக்கு எடுத்தேன்.

"உச்சிக்குப் போனியா பிள்ளை?"

"இல்லையம்மா, அங்கே ஏறக் கூடாது."

"அப்ப எங்கே நின்று கும்பிட்டாய்?"

இரண்டு மலைக்கும் நடுவில், புல்லும் சரளையுமான ஒரு மேட்டில் என்றேன். காற்று எப்படி என்று கேட்டாள்.