90 விநாடிப் பாட்டு

பந்து, வளையம், ரிப்பன் என்று எதையாவது எறிந்து பிடித்து இசைக்கு ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் மகள் சேர்ந்ததிலிருந்து எனக்கு ஒரு கூடுதல் வேலை: பாட்டு வெட்டுவது. கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவன், ஒலிப்பதிவு மென்பொருளும் கொஞ்சம் தெரியும் என்றதும் கோச் என் தலையில் கட்டிவிட்டார். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் கிளப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது ஆடுவது நான் வெட்டிய இசைக்குத்தான்.

நேரக் கணக்கில் விட்டுக்கொடுப்பே கிடையாது. தனியாக ஆடுபவருக்கு 1 நிமிடம் 15 விநாடி முதல் 1 நிமிடம் 30 விநாடி வரை. கூடினாலும் குறைந்தாலும் விநாடிக்கு 0.05 புள்ளி போய்விடும். தொடக்கத்தில் அசையாமல் நின்று இசையை ஓடவிடலாம், அதுவும் 4 விநாடிக்குள். ஆறு நிமிட இசையில் நல்ல பகுதியாகப் பார்த்து வெட்டி ஒட்டினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எறிதலை வைத்து வெட்ட வேண்டும், அதுதான் விஷயம்.

பந்தைக் கையிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்துக்கு எறிந்தால் ஏற ஒரு விநாடி, இறங்க ஒரு விநாடி. நிமிடத்துக்கு 120 தட்டு போகும் இசையில் அது நான்கு தட்டு. அதற்குள் பிள்ளை இரண்டு முறை முழுதாகச் சுழன்று எழுந்து பந்தைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற கணத்தில் இசையிலும் ஒரு அழுத்தம் விழுந்தால் பார்ப்பவருக்குச் சிலிர்க்கும். அரை விநாடி தள்ளிப்போனால் ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. இசையை வேகமாக்கலாம், பந்து வேகமாக விழாதே! அதனால் நகர வேண்டியது இசைதான். நடுவர்களில் கலைத்திறனுக்கென்றே தனிக்குழு உண்டு. நடன அடிகள் தாளத்தோடு போகின்றனவா, இசையின் போக்கு மாறும்போது ஆட்டமும் மாறுகிறதா, கடைசி ஸ்வரமும் கடைசி நிலையும் ஒன்றாக முடிகின்றனவா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

இந்த விளையாட்டின் ஆரம்ப காலத்தில் ஒரே ஒரு வாத்தியம்தான், பெரும்பாலும் பியானோ, அதுவும் நேரடியாக வாசிப்பு. எனக்கு அந்த பியானோக்காரர்கள்மேல் பொறாமை. ஆடுபவள் அரைக்கணம் தாமதித்தால் விரலைச் சற்றே நிறுத்திக்கொள்ளலாம். பதிவு செய்த இசை யாருக்காகவும் காத்திருக்காது. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இஸ்ரேலின் லினோய் அஷ்ராம் கடைசிச் சுற்றில் ரிப்பனைத் தவறவிட்டார். இசை அதன் பாட்டுக்கு ஓடியது, அவர் எடுத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். தங்கம் அவருக்கே கிடைத்தது. அது நியாயமா என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டது வேறு கதை.

2013-ல் வந்த விதிகள் சொற்களோடு கூடிய பாடலையும் அனுமதித்தன. அதற்கு முன் குரல் இருக்கலாம், வார்த்தை கூடாது. எனக்கு இந்தத் தளர்வு பிடிக்கவில்லை. பாடகர் அழும்போது பிள்ளையும் முகத்தைச் சுளித்து நடிக்கிறாள், உடம்பு சொல்ல வேண்டியதை வரிகள் சொல்லிவிடுகின்றன. மகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். பதின்மூன்று வயது, பாப் பாட்டு இல்லாமல் வாழ்க்கை இல்லை.

போன பருவத்தில் நான் ஒன்று கொண்டுபோனேன். பல்கேரிய நாட்டுப்புற நடனமான ரச்செனிட்சா, ஏழு எண்ணிக்கை, 2-2-3. சிறு வயதில் மிருதங்கம் கற்றவன் நான், 3-2-2 என்று போகும் மிஸ்ர சாபு தாளத்தைத் திருப்பிப் போட்டதுபோல இருந்ததும் விட மனசு வரவில்லை. அந்தக் கடைசி மூன்றில் வளையத்தைப் பிடித்தால் எப்படி இருக்கும்! கோச் இரண்டு முறை கேட்டார், காலால் தட்டிப் பார்த்தார், "நல்லா இருக்கு ஐயா, ஆனா பிள்ளைங்க எட்டெட்டா எண்ணிப் பழகினவங்க" என்று சிரித்தார். அவர் சொன்னதும் சரிதான். 1998 காமன்வெல்த் போட்டியில், நம் கோலாலம்பூரிலேயே, மலேசிய ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி தங்கம் வென்றது. அந்த அணியில் சரினா சுந்தர ராஜாவும் இருந்தார். அவர்களும் எட்டு எண்ணித்தான் பழகியிருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இந்தப் பருவத்துக்கு மகளே ஒரு டாங்கோவைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். வார்த்தை இல்லை, அதுவரைக்கும் எனக்கு நிம்மதி. முதல் வெட்டு 1:33 வந்தது. நடுவில் வயலின் பகுதியைக் குறைக்கலாம், ஆனால் அங்கேதான் கையிலிருக்கும் கிளப்ஸ் என்ற கட்டைகள் இரண்டையும் எறிகிறாளாம், தொடக்கூடாதாம். மூன்று விநாடியை வேறு எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். சனிக்கிழமை பயிற்சிக்குள் கோப்பு போய்ச்சேர வேண்டும்.