0.63 மேல் ஆசைப்படும் முன்: பழைய செவர்லே பிக்கப்பில் ஐந்தாவது கியர்

1947 முதல் 1954 வரை வந்த செவர்லே 3100 பிக்கப்பில் டாப் கியரின் விகிதம் 1.00, பின் அச்சு 4.11. 28 அங்குல டயரில் மணிக்கு 60 மைல் போனால் என்ஜின் நிமிடத்துக்கு 2,960 சுற்று சுற்றும். பாபிட் (மெத்தான உலோகக் கலவை) பேரிங்கும் தெளிப்பு முறை எண்ணெயும் கொண்ட 216 கன அங்குல என்ஜினை அந்த வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டுவது பாவம். அதனால்தான் செவர்லேயின் பிற்காலச் சிறிய பிக்கப்பான எஸ்-10-இலிருந்து கழற்றிய போர்க்-வார்னர் டி-5 ஐந்து கியர் பெட்டியை இதில் மாட்டுகிறார்கள். அதன் கியர் லிவர் முன்னால் தள்ளி இருப்பதால் நீள சீட்டில் இடிக்காது.

எஸ்-10 பெட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. முதல் கியர் 4.03 உள்ளவற்றில் ஐந்தாவது 0.86 அல்லது 0.76 வரும், 3.76 உள்ளதில் 0.72. வாங்கிய பெட்டியில் 0.86 இருந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எண் சின்னதானால் அதே வேகத்துக்கு என்ஜின் குறைவாகச் சுற்றும் என்பதால், உடனே எல்லோரும் தேடுவது 0.63 தரும் ஐந்தாவது கியர் ஜோடி. அதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்: மைல் வேகம் × அச்சு விகிதம் × கியர் விகிதம் × 336, வருவதை டயர் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுக்கவும்.

4.11 அச்சில் 60 மைலுக்கு 0.86 என்றால் 2,545 சுற்று, 0.76 என்றால் 2,250, 0.72 என்றால் 2,130, 0.63 என்றால் 1,865. இதுவரை எல்லாம் சரி. ஆனால் 3100-இல் கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூடிய குழாய்க்குள் ஓடுவது. டி-5 வைத்தால் அந்தக் குழாய் போய்விடும், திறந்த ஷாஃப்டுக்கு ஏற்ற அச்சு வேண்டும். பழைய அச்சையே மாற்றியமைக்கும் கிட் உண்டு, ஆனால் பலர் புதிய காலத்து அச்சையே மாட்டிவிடுகிறார்கள். அது 3.08 ஆக இருந்துவிட்டால் 0.63-இல் 60 மைலுக்கு வெறும் 1,400 சுற்றுதான். சின்ன ஏற்றம் வந்தாலும் நாலாவதுக்கு இறங்க வேண்டும்; இறக்கினால் சுற்று ஒரேயடியாக 2,200-க்கு ஏறும். 3.08 அச்சுக்கு 0.86-ஏ போதும், பெட்டியைத் தொடவே வேண்டாம். 3.73-க்கு 0.72 அல்லது 0.76 நன்றாகப் பொருந்தும். 0.63 என்பது 4.11-ஐ விடமாட்டேன் என்பவர்களுக்கு மட்டும்.

விற்பவர் பெட்டிமேல் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஐந்தாவதின் விகிதம் இரண்டு ஜோடிப் பற்களைப் பொறுத்தது: முன்னால் இன்புட் ஷாஃப்டும் (என்ஜினிலிருந்து வருவது) கவுண்டர் ஷாஃப்டும் (அடியில் இணையாக ஓடுவது) பிணையும் ஜோடி, பின்னால் கவுண்டர் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் (வெளியே போவது) பிணையும் ஐந்தாவது ஜோடி. பின் ஜோடியில் கவுண்டர் ஷாஃப்ட் கியருக்கு 50 பல், மெயின் ஷாஃப்ட் கியருக்கு 25 பல் என்று வைத்துக்கொள்வோம். முன் ஜோடியின் விகிதம் 1.5 என்றால் 0.75 கிடைக்கும், அதே பின் ஜோடியை முன் ஜோடி 1.7 உள்ள பெட்டியில் போட்டால் 0.85. பல்லை எண்ணிப் பார்ப்பதுதான் வழி. கவுண்டர், மெயின் ஷாஃப்டுகளுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது என்பதால் கவுண்டர் ஷாஃப்ட் கியரையும் மெயின் ஷாஃப்ட் கியரையும் ஜோடியாகவே வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

டி-5-இன் பெரிய சௌகரியம், ஐந்தாவது ஜோடி பெரிய கூட்டுக்குள் இல்லை, பின் ஹவுசிங்குக்குள் இருக்கிறது; அதனால் பெட்டியை முழுதாகப் பிரிக்க வேண்டாம். முன் பேரிங் ரிடெய்னரை (பேரிங்கைப் பிடிக்கும் மூடி) தொடாதீர்கள்; அதன் அடியில்தான் பேரிங் இறுக்கத்துக்கான ஷிம் (மெல்லிய தகடு) இருக்கிறது, தொட்டால் அதையும் அளந்து வைக்க வேண்டியிருக்கும்.

எண்ணெயை வடித்து, பெட்டியை நியூட்ரலில் வைத்து, லிவரைக் கழற்றுங்கள். ஷிஃப்ட் ஷாஃப்டின் கோடியில் உள்ள லிவரின் ரோல் பின்னைத் தட்டி எடுத்தபின் ஹவுசிங் பின்னால் வரும். அந்த லிவருக்கு அடியில் ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. பறந்துவிடும், ஒரு கை அங்கேயே இருக்கட்டும். ஸ்பீடோமீட்டர் கியரைக் கழற்றுங்கள். கவுண்டர் ஷாஃப்டின் கோடியில் பிளாஸ்டிக் எண்ணெய்ப் புனல் இருக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து ஐந்தாவது கியரைத் தள்ளும் ஃபோர்க்கின் ரோல் பின். இதைத் தட்டும்போது ஷாஃப்டுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்காவிட்டால் ஷாஃப்ட் வளையும், பிறகு எந்தக் கியரும் சரியாக விழாது. கவுண்டர் ஷாஃப்டின் சர்க்ளிப்பை (பள்ளத்தில் உட்காரும் வளையம்) எடுத்தால் சின்க்ரோவும் (கியர் விழும்போது வேகத்தைச் சமன்செய்வது) ஃபோர்க்கும் சேர்ந்து வரும், பின்னாலேயே ஐந்தாவது கியர். கழற்றுமுன் சின்க்ரோவின் ஹப் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெயின் ஷாஃப்டில் உள்ள ஐந்தாவது கியர் இறுக்கமாக ஏற்றியது. நீளக் கால் புல்லர் இல்லாமல் இறங்காது. சுத்தியலால் அடித்தால் பின் பேரிங்தான் அடிபடும். புதியதை ஓவனில் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கையுறை போட்டுத் தள்ளினாலே ஏறிவிடும்.

புதிய கியரின் கூம்பும் சின்க்ரோ பற்களும் பழையதோடு ஒத்துப்போகின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்க்ரோ வளையத்தையும், ஃபோர்க்கின் பிளாஸ்டிக் பட்டைகளையும், டெயில் ஆயில் சீலையும் இதோடு மாற்றிவிடுங்கள், எல்லாம் மலிவு. பட்டை தேய்ந்திருந்தாலோ, ஹப் திரும்பி மாட்டியிருந்தாலோ, சர்க்ளிப் பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டாலோ, ஐந்தாவது தானே வெளியே குதிக்கும். புனலை மறந்தால் உடனே ஒன்றும் தெரியாது. எண்ணெய் போய்ச் சேராமல் கொஞ்ச நாளில் ஐந்தாவது மட்டும் ஊளையிட ஆரம்பிக்கும்.

ஹவுசிங்கை மூடும் முன் மெயின் ஷாஃப்டைக் கையால் சுற்றி ஐந்து கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். பிறகு ஹவுசிங்கை இறுக்காமல் பொருத்திச் சுற்றினால், பெரிய கவுண்டர் கியர் அதன் உட்சுவரில் உரசுகிறதா என்பதையும் பார்த்துவிடலாம். பக்கத்துத் துளையில் வழியும் வரை டெக்ஸ்ரான் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி எண்ணெய்) ஊற்றுங்கள், 3 லிட்டர் வாங்கினால் போதும். வேர்ல்டு கிளாஸ் என்ற மேம்பட்ட வகை டி-5 என்றால் கெட்டியான கியர் ஆயில் கூடவே கூடாது. அதன் சின்க்ரோ வளையங்களில் நார்ப்பட்டை ஒட்டியிருக்கிறது.

ஸ்பீடோமீட்டரைத் திருத்த வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். அதன் கியர் வெளியே போகும் ஷாஃப்டில் இருக்கிறது, ஐந்தாவதை எப்படி மாற்றினாலும் காட்டும் வேகம் மாறாது. அச்சையோ டயரையோ மாற்றினால்தான் அந்த வேலை.