மூன்றாவது தேதியில்தான் பெரா டெஸ்ட் முடிந்தது

சோமனூர் பக்கம் தறிக்குடோனில் 22 வருஷம் ஓட்டியவன் நான். கல்யாண மண்டபத்தில் பக்கத்து ஆள் பேசினால் சத்தம் கேட்கிறது, வார்த்தை பிடிபடுவதில்லை. அதற்காகத்தான் காது டெஸ்டுக்குப் போனேன்.

முதல் தடவை நைட் ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறினேன். "தறியை விட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் அம்மா கேட்டார். இரைச்சலில் இருந்து நேராக வந்த காது கொஞ்ச நேரம் மந்தமாகவே இருக்குமாம். 14 மணி நேரமாவது ஓய்வு வேண்டும். தேதி குறித்துக் கொடுத்த கவுன்டரில் யாரும் இதைச் சொல்லவில்லை. ஒரு நாள் கூலி போனது.

அடுத்த தடவை, எந்தச் சத்தம் எவ்வளவு மெதுவாக வந்தாலும் கேட்கிறது என்று கோடாக வரையும் ஆடியோகிராம் முடிந்தது. 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சுச் சத்தத்தில் மட்டும் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. தறிக்காரர்களுக்கு அங்கேதான் முதலில் அடி விழும். சத்தம் கேட்டதும் காது நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகளைப் பதியும் பெரா டெஸ்ட் மட்டும் நடக்கவில்லை. தலையில் எண்ணெய். அந்த அலையைப் பிடிக்க நெற்றியில் ஒட்டிய எலக்ட்ரோடு வழுக்கிக்கொண்டே வந்தது. போகிறவர்கள் முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள், எண்ணெய் தொடாதீர்கள். பல்லைக் கடித்தாலே அலை குழம்பிவிடும். படுத்துத் தூங்கிவிடுவது நல்லது.

மூன்றாவது தேதியில் தூங்கியே விட்டேன். காதில் விழும் ஒவ்வொரு 'டக்'குக்கும் 10 மில்லி செகண்டுக்குள் எழும் அலைகளை மிஷின் பதிகிறது. முதல் அலை காது நரம்பிலிருந்து, ஐந்தாவது மூளைத்தண்டின் மேல் பகுதியிலிருந்து. எனக்கு ஐந்தாவது நேரத்துக்கு வந்திருந்தது, முதலாவது சின்ன மேடுதான். ரிப்போர்ட்டில் 'நார்மல்'. "ஒண்ணும் இல்லீங்க, போங்க" என்றார் கவுன்டர்காரர். வயிறு எரிந்தது.

நான் போகவில்லை. திரும்ப அந்த அம்மாவிடமே போய் நின்றேன். அவர் உட்கார வைத்து விளக்கினார். 2009இல் அமெரிக்காவில் எலிகளை 2 மணி நேரம் இரைச்சலில் வைத்துப் பார்த்தார்களாம். கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது. ஆனால் காதுக்குள் நரம்பைச் சேர்க்கும் இணைப்புகளில் சில இடங்களில் பாதி போயிருந்தது, முதல் அலையும் சிறுத்திருந்தது. மனிதருக்கு அந்த அலை ஆளுக்கு ஆள் மாறும், அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதனால் இரைச்சலுக்கு நடுவே வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லும் டெஸ்டும் எடுத்தார். அமைதியில் ஏறக்குறைய எல்லாம் சொன்னேன். இரைச்சல் சேர்ந்ததும் பாதி தவறியது.

அந்த டெஸ்டின் முடிவைத் தனித் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நீங்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.