விருத்தாசலத்தில் ஃபெல்ஸ்பார் உடைத்த அனுபவம்: நகரும் கிரஷரை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு

ஃபெல்ஸ்பார் என்பது பீங்கான் சாமான்களுக்குச் சேர்க்கும் வெளிர்நிறக் கல். அதை உடைக்க வாடகைக்கு வரும் நகரும் கிரஷர், அதற்கு முந்தின வாரம் பெரும்பாலும் எங்காவது கருங்கல் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்திருக்கும். மணிக்கு எத்தனை டன், டீசல் எவ்வளவு குடிக்கும் என்பதையெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் ஹாப்பர் (கல் கொட்டும் தொட்டி) மூலை, ஃபீடர் (கல்லை உள்ளே ஊட்டும் தட்டு) கம்பிகளின் இடுக்கு, ஜா பிளேட்டின் (கல்லை நெரிக்கும் தாடைத் தகடு) பின்புறம், பெல்ட் சுரண்டி, சல்லடைக் கண் ஆகிய இடங்களில் கையை விட்டுப் பாருங்கள். கறுப்புக் குருணை ஒட்டியிருக்கும். இன்சுலேட்டரோ வெள்ளைப் பொம்மையோ சூளையிலிருந்து வெளியே வரும்போது அந்தக் குருணைதான் கரும்புள்ளியாகப் பல்லிளிக்கும்.

கம்ப்ரஸர் காற்றடித்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காயவிட்டு, பிறகு ஐந்தாறு டன் மட்டமான ஃபெல்ஸ்பாரை ஓட்டுவோம். மிச்சக் குருணையை அது இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் குவியலைத் தனியே தள்ளிவிட வேண்டும். 'நல்லாத்தானே இருக்கு, சேத்துக்கலாம்' என்று யாராவது சொல்வார்கள். சேர்க்கக் கூடாது.

கல் நாமக்கல், கரூர் பக்கத்திலிருந்து கட்டியாக லாரியில் வருகிறது. கனிமம் ஏற்றிவர அனுமதிக்கும் நடைச்சீட்டை எடை, தேதியோடு சரிபார்த்து வாங்கி வைப்பது அவசியம். 2015 பிப்ரவரியில் சிறுகனிமப் பட்டியலுக்குப் போன ஃபெல்ஸ்பார் 2025 பிப்ரவரியில் மறுபடி பெருங்கனிமமாகிவிட்டது. பழைய நடைமுறையை நினைத்துக்கொண்டு லோடு ஏற்றினால் வழியில் நிற்க வேண்டிவரும்.

கிரஷருக்குள் போகும் முன்னால் நடப்பதுதான் பாதி வேலை. கட்டியில் வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) காக்காப்பொன்னும் (அப்பிரகம்) கலந்திருக்கும். ஃபெல்ஸ்பாரும் வெங்கச்சங்கல்லும் வெள்ளையாகத் தெரிந்தாலும், ஃபெல்ஸ்பார் உடைந்த இடத்தில் தட்டையான முகம் பளிச்சென்று மின்னும், அடுத்த முகம் ஏறக்குறைய செங்குத்தாகத் திரும்பும். வெங்கச்சங்கல் கண்ணாடிச் சில்லுபோல் குழிவாக உடையும். தண்ணீர் தெளித்துவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவு. கறுப்பு அப்பிரகம், டூர்மலைன் (இரும்பு கலந்த கறுப்புக் கனிமம்) உள்ள கட்டிகளைக் கையாலேயே பொறுக்கிவிட வேண்டும். உடைத்த பிறகு பொறுக்க முடியாது. அப்பிரகம் நொறுங்காது, ஏடு ஏடாகப் பிரிந்து எல்லா அளவிலும் கலந்துவிடும்.

அடுத்தது செம்மண். பலரும் கிரஷர் இரும்பைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், மண்ணை விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் கல்லில் 20 கிலோ செம்மண் ஒட்டியிருந்து, அதில் பத்தில் ஒரு பங்கு இரும்பு ஆக்சைடு என்றால் 2 கிலோ, அதாவது 0.2%. ஜா பிளேட்டிலிருந்து டன்னுக்கு 100 கிராம் உருக்கு தேய்ந்தால்கூட ஆக்சைடாக அது 0.014% தான். மண், சரக்கின் நிறம் முழுவதையும் மங்கவைக்கும்; உருக்குத் துகள் புள்ளி வைக்கும். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. மண்ணுக்கு மருந்து ஃபீடரிலேயே இருக்கிறது: கம்பி இடைவெளியை 25 மி.மீ. வைத்து, அதில் விழும் பொடியைப் பக்கவாட்டு பெல்ட்டில் வெளியே தள்ளிவிடுங்கள். சில மெஷின்களில் இந்தப் பொடி மெயின் பெல்ட்டிலேயே சேரும்படி மடல் திருப்பிவிடப்பட்டிருக்கும். ஜல்லி வேலைக்கு அது பரவாயில்லை. நமக்கு ஆகாது, ஓட்டுநரிடம் சொல்லி மாற்றச் சொல்ல வேண்டும்.

ஜாவின் வாய் 900 × 600 மி.மீ. என்றால், 600-ல் எண்பது சதவீதம், அதாவது 480 மி.மீ.க்கு மேற்பட்ட கட்டி போடக் கூடாது. பெரிசு இருந்தால் பிரேக்கர் பூட்டிய பொக்லைனால் முன்பே உடைத்துவிடுங்கள். மூடிய பக்க இடைவெளி (தாடைகள் அடியில் நெருங்கி வரும்போது உள்ள இடைவெளி) 60 மி.மீ., பிறகு கூம்பு வடிவக் கோன் கிரஷரில் 16, சல்லடையில் மேல்தட்டு 20, கீழ்த்தட்டு 5. இருபதுக்கு மேல் நிற்பது கோனுக்கே திரும்பும். ஃபெல்ஸ்பார் பிளவுத் தளம் உள்ள கல், அடிபட்டால் எளிதில் பிளந்து பொடியாகும். அதனால் ஜாவை இறுக்கி ஒரே அடியில் சின்னதாக்கப் பார்த்தால் பொடிதான் பெருகும். கல்லை மோதி உடைக்கும் இம்பாக்ட் கிரஷரைக் கொண்டுவந்து நிறுத்தினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்: பொடியும் கூடும், வெங்கச்சங்கல் இருப்பதால் அடிக்கும் பட்டையும் சீக்கிரம் கரையும். கோனின் குழி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். அரைகுறையாக ஊட்டினால் தட்டைச் சில்லு கூடும், கோனின் உள்ளுறைத் தகடு ஒருபக்கமாகத் தேயும். ஜா பிளேட் அடிப்பக்கம்தான் முதலில் தேயும், பாதி தேய்ந்ததும் தலைகீழாகத் திருப்பிப் பூட்டுங்கள்.

காந்தத்தை நம்பி ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பெல்ட்டுக்கு மேலே தொங்கும் காந்தம் போல்ட், ஆணி, வெல்டிங் ராடு துண்டு எல்லாவற்றையும் பிடிக்கும். ஜா பிளேட் மாங்கனீஸ் உருக்கு. அது காந்தத்தில் ஒட்டாது. உடைந்து விழுந்த பிளேட் துண்டு காந்தத்தின் கீழே கம்பீரமாகப் போய்க் குவியலில் உட்கார்ந்துவிடும். மெட்டல் டிடெக்டர் இருந்தால் பிடிக்கும், இல்லையென்றால் தினமும் பிளேட்டின் பற்களைப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் வழி. அப்பிரகத்தையும் டூர்மலைனையும் இந்தக் காந்தம் தொடவே தொடாது. அதற்கு அரைத்த பிறகு, காய்ந்த பொடியில், 10,000 காஸ் (காந்த வலுவின் அளவு) உள்ள ரோலர் காந்தம் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். மக்கிய ஃபெல்ஸ்பாரின் மேல்தோல் வெள்ளைக் களிமண்ணாகியிருக்கும். அது ஈரத்தில் 5 மி.மீ. கண்களைச் சுண்ணாம்பு பூசினதுபோல் அடைத்துவிடும். வெளியே பார்த்தால் மெஷின் ஓடுகிறது, பொடியெல்லாம் ஜல்லியோடு சேர்ந்தே போகிறது. தூசிக்குத் தண்ணீர் அடிப்பதும் இதே வம்பைக் கொண்டுவரும். ஜா வாயிலும் பெல்ட் மாறும் இடத்திலும் மெல்லிய பனிபோல் அடித்தால் போதும், சல்லடைத் தட்டுக்கு மேலே வேண்டாம். தூசியை மட்டும் அலட்சியப்படுத்த முடியாது. வெங்கச்சங்கல் தூசி நுரையீரலைக் கல்லாக்கும், முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். ஜாவில் கல் சிக்கினால் இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகே யாரும் மேலே ஏற வேண்டும்.

மெஷினுக்கு அஸ்திவாரம் வேண்டாம் என்றாலும் மட்டம் வேண்டும். சல்லடை இடமோ வலமோ சாய்ந்தால் கல் ஒரே ஓரமாக ஓடி, பாதி வலை சும்மா கிடக்கும். அதைவிட முக்கியம் குவியல் விழும் தரை. செம்மண் தரையில் கொட்டி லோடரால் அள்ளினால், ஃபீடரில் பிரித்த மண்ணைப் பக்கெட் மறுபடி கலந்துவிடும். கான்கிரீட் தளம் இல்லையென்றால், முதலில் ஓட்டிக் கழித்த அந்த ஐந்தாறு டன்னையே 15 செ.மீ. கனத்துக்கு விரித்து மிதித்துவிடுங்கள். அதன் மேல் குவியுங்கள், அடித்தளத்தைத் தொடாமல் அள்ளுங்கள்.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் குவியலின் பல இடத்தில் அள்ளிக் கூம்பாக்கி, நான்காக வகுத்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மாதிரி எடுங்கள். 5 மி.மீ.க்குக் கீழ் விழுந்த பொடிக்குத் தனி மாதிரி. மண்ணும் அப்பிரகமும் அதில்தான் சேர்ந்திருக்கும், விலையும் வேறு. மாதிரியை 200 மெஷ் சல்லடையில் சலியும் அளவுக்கு நைசாக அரைத்து, ஈரமாக்கி, காசளவு வில்லை பிடித்து, பட்டறைச் சூளையில் 1250 டிகிரியில் வேகும் சரக்கோடேயே வேகவையுங்கள். பொட்டாஷ் வகை (பொட்டாசியம் கூடுதலாக உள்ள ஃபெல்ஸ்பார்) கெட்டியாக, வெள்ளையாக, உருவம் பெரிதும் குலையாமல் நிற்கும். சோடா வகை (சோடியம் கூடுதலாக உள்ளது) கூடுதலாக இளகிப் பரவும். மஞ்சள் படிந்திருந்தால் மண், தனிப்புள்ளி இருந்தால் உருக்கோ கருங்கல் குருணையோ. எது என்று தெரிந்துகொண்டு அடுத்த லோடைக் கொட்டுங்கள்.