பிராட்வேக்கு அடியில்

சென்னை ஜார்ஜ் டவுனைக் கடக்கும் மெட்ரோ சுரங்க ரயில் பாதை ஏன் பிராட்வேக்கு அடியில் போகிறது என்ற கேள்விக்கான விடை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு என்று வரிசையாகக் கிடக்கும் தெருக்களில் ஒரு குட்டியானை வண்டி சரக்கு இறக்க நின்றாலே பின்னால் வருகிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். அவற்றுக்கு மேற்கே, தெற்கு வடக்காக அகன்று கிடப்பது பிராட்வே. அந்த அகலமும் தற்செயலாக அமைந்ததன்று. அங்கே முன்பு அத்தப்பள்ளம் என்ற தாழ்வான நீரோடை இருந்தது. அதன் மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை, கிழக்கே முத்தியால்பேட்டை. 1778இல் சென்னைக்கு வந்த ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் அந்தப் பள்ளத்தை வாங்கி, நீரை வடித்து, மண்ணிட்டு நிரப்பிச் சாலையாக்கினார். இன்று அதன் பெயர் பிரகாசம் சாலை. 1928இல் சைமன் குழு எதிர்ப்பின்போது பாரிமுனையில் போலீஸ் துப்பாக்கிக்கு எதிரே மார்பைத் திறந்து காட்டிய டங்குட்டூரி பிரகாசத்தின் பெயர் அது. இருந்தும் பேச்சில் பிராட்வேதான் நிலைத்திருக்கிறது.

இந்தச் சாலையின் தெற்கு முனையை அடுத்து உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்று அழைத்த முதல் ஊர் இருந்தது இந்தப் பக்கத்தில்தான். 1746இல் அருகிலிருந்த புனித ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1749இல் அது திரும்பக் கைக்கு வந்த பிறகு, கோட்டை மதிலுக்கு எதிரே மறைவிடமே இருக்கக் கூடாது என்று ஆங்கிலேயர்கள் அந்த ஊரையே இடித்துத் திடலாக்கினார்கள். திடலின் எல்லையைக் குறிக்க 1773இல் நட்ட ஆறு தூண்களில் ஒன்று மட்டும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக நிற்கிறது. அவ்வழியே போகிறவர்களில் அதை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் அரிது. ஊரோடு சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் அது பூக்கடைப் பக்கம் மீண்டும் எழுந்தது. காலியான நிலத்தில், 1892இல், செந்நிற நீதிமன்றம் வந்து சேர்ந்தது. இப்போது நாம் ஜார்ஜ் டவுன் என்று சொல்வது, இடிபட்டவர்கள் வடக்கே தள்ளிப்போய் வளர்த்த இரண்டாவது ஊர். 1911இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

ஏஜி-டிஎம்எஸ் நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரையிலான மெட்ரோ பகுதி 2019 பிப்ரவரி 10 அன்று திறக்கப்பட்டபோதுதான் உயர் நீதிமன்றமும் மண்ணடியும் மெட்ரோ நிலையங்களாயின. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தகரத் தடுப்புகளுக்குப் பின்னால் ஒதுங்கி வியாபாரம் செய்தவர்களின் பொறுமையை நான் இன்றும் வியக்கிறேன்.

ஆனால் இந்த ரயில் ஆட்களைத்தான் சுமக்கிறது, சரக்கை அன்று. 1996இல் கொத்தவால்சாவடியின் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போன பிறகும் இந்தப் பகுதி மூட்டைகளால்தான் பிழைக்கிறது: கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். மண்ணடி நிலையத்தில் ஒரு முறை, கையில் பத்திரிகைக் கட்டுகளோடு வந்த ஒரு தம்பதியைப் பார்த்தேன். ஸ்கேனரில் கட்டு உருண்டு அவிழ்ந்துவிட, மஞ்சள் தடவிய உறைகளை அந்த அம்மாள் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார்; பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள். நிலையத்துக்கு வெளியே, அதே காகிதத்தை ரீம் ரீமாக ஏற்றிய மீன்பாடி வண்டிகள் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. மேலே நெரிசல் குறையவில்லை என்று மெட்ரோவைக் குறை சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. சரக்கு ஏற்றி இறக்குவதற்கு இரவு நேரத்தை உறுதியாக ஒதுக்கினாலொழிய, எத்தனை நிலையம் கட்டினாலும் நெரிசல் இப்படியேதான் இருக்கும்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காளிகாம்பாள் கோயிலுக்கும் 1772இல் கட்டப்பட்ட ஆர்மீனியன் தேவாலயத்துக்கும் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்குவது வசதி. வள்ளலார் வாழ்ந்த ஏழுகிணறு பக்கம் போக மண்ணடி நல்லது. தெருக்களின் அமைப்பைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமானால் வாரநாளில் வாருங்கள், கையில் பை எதுவும் இல்லாமல்.